வெள்ளைத் துணியில் பட்டுத் திரும்பிய ஒளி: சுப்ரதா மித்ராவும் இந்திய ஒளிப்பதிவின் திருப்பமும்

முன்னுரை

1955இல் வெளியான ‘பதேர் பாஞ்சாலி’ தொடங்கி 1966இல் வந்த ‘நாயக்’ வரை, சத்யஜித் ரே இயக்கிய பத்துப் படங்களுக்கு ஒளிப்பதிவு செய்தவர் சுப்ரதா மித்ரா. இந்தப் படங்களின் யதார்த்தத்தைப் பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் இரண்டு காரணங்களைச் சொல்வார்கள்: நடிகர்கள் ஒப்பனையின்றி நடித்தார்கள்; படப்பிடிப்பு ஸ்டூடியோவை விட்டு வெளியே நடந்தது. இரண்டும் உண்மைதான். ஆனால் அவை பாதிக் காரணங்களே. ‘பதேர் பாஞ்சாலி’யின் இரவுக் காட்சிகளும், ‘அபராஜிதோ’வின் காசி வீட்டு முற்றமும், ‘ஜல்சாகர்’ படத்தின் இசைக்கூடமும், ‘மகாநகர்’ குடும்பத்தின் நெருக்கடியான அறைகளும், ‘நாயக்’ ரயில் பெட்டியும் ஸ்டூடியோக்களுக்குள் கட்டப்பட்டவை. அவற்றைப் பார்க்கும் எவருக்கும் செட் என்ற எண்ணம் எழுவதில்லை. அதற்குக் காரணம் ஒளி.

ரேயின் படங்களில் நாம் ‘இயற்கை ஒளி’ என்று நம்புவதில் பெரும்பகுதி மித்ரா வடிவமைத்த ஒளியே என்பதும், அந்த வடிவமைப்பு முறை இந்திய ஒளிப்பதிவின் போக்கையே திருப்பியது என்பதும் இக்கட்டுரையின் வாதம். அந்த முறை எங்கிருந்து வந்தது, எந்த நெருக்கடியில் உருப்பெற்றது, பிறகு என்னவாயிற்று என்பதை அவருடைய வாழ்க்கையோடு சேர்த்து இங்கே பார்க்கலாம்.

மித்ராவுக்கு முந்தைய ஸ்டூடியோ ஒளி

1930களிலும் 40களிலும் இந்தியாவில் ஒளியமைப்பு என்பது ஸ்டூடியோக் கலை. 1934இல் தொடங்கப்பட்ட பாம்பே டாக்கீஸுக்கு ஜெர்மனியிலிருந்து வந்த யோசப் விர்ஷிங், ‘அச்சுத் கன்யா’ (1936) போன்ற படங்களில் இருளையும் ஒளியையும் கூர்மையாகப் பிரித்துக் காட்டும் பாணியை இங்கே நிலைநிறுத்தினார். சென்னை, பம்பாய், கல்கத்தா என எல்லா ஊர் ஸ்டூடியோக்களிலும் அடிப்படை இலக்கணம் ஒன்றுதான். நடிகரின் முகத்துக்கு ஒரு முதன்மை விளக்கு, அது உண்டாக்கும் நிழலைத் தணிக்க இன்னொன்று, தலைமுடியின் விளிம்பு மினுங்கப் பின்னாலிருந்து ஒன்று. இந்த விளக்குகள் மேலே பரணில் கட்டப்பட்டு நேரடியாக நடிகர் மீது விழும்.

அந்தப் பாணி தனக்கே உரிய உச்சங்களைத் தொட்டது. 1957இல் ‘மாயா பஜார்’ படத்தின் படகுப் பாட்டில் மார்கஸ் பார்ட்லி உருவாக்கிய நிலவொளியை இன்றும் மக்கள் பேசுகிறார்கள். புராணக் கதைக்கும் காதல் பாட்டுக்கும் அந்த அழகு பொருந்தியது. அன்றாட வாழ்க்கையைச் சொல்ல வந்தபோதுதான் சிக்கல் எழுந்தது. நேராக விழும் ஒவ்வொரு விளக்கும் ஒரு கூர்மையான நிழலைத் தரும். ஐந்து விளக்கு எரிந்தால் ஒருவருக்குப் பின்னால் ஐந்து நிழல் விழும். பகலில் தன் வீட்டு முற்றத்தில் நிற்கும் பெண்ணுக்கு அப்படி நிழல் விழுவதில்லை. சுவர் எவ்வளவு நேர்த்தியாகப் பூசப்பட்டிருந்தாலும், பாத்திரங்கள் எவ்வளவு பழையவையாக இருந்தாலும், அந்த நிழல்கள் ‘இது செட்’ என்று காட்டிக்கொடுத்துவிடும்.

நோட்டுப் புத்தகத்தோடு வந்த இளைஞர்

சுப்ரதா மித்ரா 1930 அக்டோபர் 12 அன்று பிறந்தார். கல்கத்தாவின் நடுத்தர வங்காளிக் குடும்பம். பள்ளி நாட்களிலேயே பிரிட்டிஷ், ஹாலிவுட் படங்களைத் தேடித் தேடிப் பார்த்தார். கட்டடக் கலைஞராவதா, ஒளிப்பதிவாளராவதா என்று கல்லூரிக் காலத்தில் யோசித்தவருக்கு, கேமரா உதவியாளர் வேலை எங்கும் கிடைக்கவில்லை. அறிவியல் படிப்பைத் தொடர்ந்தார்.

அந்த நேரத்தில் பிரெஞ்சு இயக்குநர் ழான் ரெனுவார் ‘தி ரிவர்’ படத்தை டெக்னிகலரில் எடுக்கக் கல்கத்தா வந்திருந்தார். மித்ரா அங்கேயும் வேலை கேட்டு, இல்லை என்ற பதிலையே பெற்றார். பிறகு அவருடைய தந்தை மகனை ரெனுவாரிடம் நேரில் அழைத்துச் சென்றார். வேலை கிடைக்கவில்லை, நின்று பார்க்க அனுமதி கிடைத்தது. அந்த அனுமதியை மித்ரா முழுமையாகப் பயன்படுத்திக்கொண்டார். ஒவ்வொரு காட்சியிலும் விளக்குகள் எங்கே வைக்கப்பட்டன, நடிகர்கள் எப்படி நகர்ந்தார்கள், கேமரா எங்கே நின்றது என்று படம் வரைந்து குறித்துக்கொண்டார். படத்தின் ஒளிப்பதிவாளர், இயக்குநரின் சகோதரர் மகனான க்ளோத் ரெனுவார். முன்பு எடுத்த ஒரு காட்சியின் ஒளித் தொடர்ச்சியைச் சரிபார்க்க அவரே மித்ராவின் குறிப்புகளைக் கேட்டு வாங்கிப் பார்த்த நாளும் வந்தது. எந்தப் பயிற்சிப் பள்ளியும் இல்லாத காலத்தில் ஓர் இளைஞர் தனக்கான பாடநூலைத் தானே எழுதிக்கொண்டார் என்றே இதைச் சொல்ல வேண்டும்.

அந்தப் படப்பிடிப்புக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் வந்துபோனவர் விளம்பர நிறுவனத்தில் ஓவியராக வேலை பார்த்த சத்யஜித் ரே. அங்கே கலை இயக்கத்தில் உதவியாளராக இருந்தவர் பன்சி சந்திரகுப்தா. வார நாட்களில் தான் கண்டவற்றை மித்ரா ரேயிடம் விவரிப்பார். இந்திய சினிமாவின் முகத்தை மாற்றவிருந்த இயக்குநர், ஒளிப்பதிவாளர், கலை இயக்குநர் மூவரும் இவ்வாறு ஒரே படப்பிடிப்புத் தளத்தில் நெருங்கிப் பழகினார்கள்.

‘பதேர் பாஞ்சாலி’: வானமே விளக்கு

1952 அக்டோபர் இறுதியில் நாணல் பூத்த வெளியில் ‘பதேர் பாஞ்சாலி’யின் முதல் காட்சி எடுக்கப்பட்டபோது மித்ராவுக்கு வயது 22. அதற்கு முன் அவர் ஒரு திரைப்படக் கேமராவை இயக்கியதே இல்லை. அனுபவமுள்ள ஒருவரை ரே தேடாததற்குக் காரணம் உண்டு. புதிய ஒளியைத் தேடியவர்களுக்குப் பழைய இலக்கணத்தில் ஊறிய கை தடையாகவே இருந்திருக்கும். இருவரும் பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் ஹென்றி கார்த்தியே-ப்ரெஸ்ஸோனின் ரசிகர்கள். இருக்கும் ஒளியில், இடத்தின் இயல்பைக் கலைக்காமல் அவர் எடுத்த புகைப்படங்களைப் போலவே தங்கள் படமும் இருக்க வேண்டும் என்று விரும்பினார்கள்.

படம் முடியச் சுமார் இரண்டரை ஆண்டுகள் ஆயின. பணம் தீரும்போதெல்லாம் படப்பிடிப்பு நிற்கும். முதல் காட்சியை எடுத்துவிட்டு அடுத்த முறை திரும்பி வந்தபோது நாணலை மாடுகள் மேய்ந்துவிட்டிருந்தன. மீண்டும் பூக்கும் பருவம்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. கல்கத்தாவை ஒட்டிய போரால் கிராமத்தில் பகல் காட்சிகள் எடுக்கப்பட்டன. மேற்கு வங்க அரசின் நிதியுதவியால் படம் நிறைவடைந்தது. ஒளிப்பதிவாளருக்கு இந்த நீண்ட இடைவெளி பெரிய சோதனை. ஓர் ஆண்டு கழித்து எடுக்கும் ஷாட் முன்பு எடுத்த ஷாட்டோடு ஒளியில் பொருந்த வேண்டும். மேகமூட்டமான வானம், மரநிழல், மாலை மங்கல் என ஒவ்வொரு நிலையையும் தனித்தனியாக அடையாளம் கண்டு நினைவில் வைத்துக்கொள்ளும் பழக்கம் இங்கேதான் அவருக்கு முதிர்ந்தது.

மித்ராவின் சிதார் வாசிப்பும் இப்படத்தில் உண்டு. மிட்டாய்க்காரனின் பின்னால் குழந்தைகள் நடக்கும் காட்சிக்கு ரவிசங்கரின் இசை போதாமல் போனபோது, அந்தத் துணுக்கை வாசித்தவர் ஒளிப்பதிவாளரே.

‘அபராஜிதோ’: முற்றத்தில் ஓர் ஆகாயம்

அடுத்த படமான ‘அபராஜிதோ’வில் (1956) கதை காசிக்கு நகர்கிறது. கதைமாந்தர் ஹரிஹரின் குடும்பம் வாழும் வீட்டின் உள்முற்றத்தைத் திறந்தவெளியில் கட்டிப் படமாக்குவதே முதல் திட்டம். மழைக்காலம் நெருங்கியதால் அது கைவிடப்பட்டு, கல்கத்தா ஸ்டூடியோவுக்குள் பன்சி சந்திரகுப்தா முற்றத்தை எழுப்பினார். மித்ரா இதை எதிர்த்து வாதிட்டார். காசியின் நெருக்கமான சந்துகளில் உள்ள வீட்டு முற்றத்துக்கு வெயில் நேராக வருவதில்லை. மேலே தெரியும் சதுர வானத்திலிருந்து பரவி இறங்கும், நிழலற்ற ஒளி அது. ஸ்டூடியோ விளக்கால் அதைக் கொண்டுவர முடியாது என்பது அவருடைய வாதம். முடிவு மாறவில்லை. வழி கண்டுபிடிக்க வேண்டிய பொறுப்பு அவர்மீதே விழுந்தது.

அவர் செய்தது இதுதான். முற்றத்தின் மேல், வானம் தெரிய வேண்டிய இடத்தில், சட்டத்தில் இழுத்துக் கட்டிய வெள்ளைத் துணியை விரித்தார். விளக்குகளை நடிகர்களை நோக்கி வைக்காமல், கீழிருந்து அந்தத் துணியை நோக்கித் திருப்பினார். துணியில் பட்டுத் திரும்பிய ஒளிதான் நடிகர்கள்மீது இறங்கியது. படப்பிடிப்புத் தளங்களில் இன்று எல்லோரும் பவுன்ஸ் லைட்டிங் என்று சொல்லும் முறை இதுவே.

இதன் இயற்பியல் எளியது. ஒளிமூலம் சிறிதாக இருந்தால் நிழலின் விளிம்பு கத்திபோல் இருக்கும்; பெரிதாக இருந்தால் விளிம்பு கரைந்துவிடும். விளக்கு சிறியது. அதன் ஒளியை ஏற்றுத் திருப்பும் துணியோ முற்றத்தளவு பெரியது. ஆகவே நடிகரின் கண்ணோட்டத்தில் ஒளி தரும் பொருள் விளக்கல்ல, துணிதான். திறந்த வானமும் அப்படிப்பட்ட ஒரு பெரிய ஒளிமூலமே.

செயல்படுத்துவது அவ்வளவு எளிதன்று. துணியில் பட்டுத் திரும்பும்போது ஒளியின் பெரும்பங்கு வீணாகும். அக்காலத்து பிலிமின் உணர்திறனோ இன்றைய அளவுக்கு இல்லை. ஆகவே லென்ஸின் துவாரத்தை அகலத் திறக்க வேண்டும். திறந்தால் ஃபோகஸ் ஆழம் குறையும். நடிகர் ஓர் அடி நகர்ந்தாலும் மங்கிவிடுவார். இன்னொரு ஆபத்து, பரவிய ஒளி எல்லாத் திசையிலிருந்தும் வந்தால் படம் சப்பென்று ஆகிவிடும். மித்ரா ஒளியைப் பரப்பியபோதும் அதன் திசையைக் கைவிடவில்லை. முற்றத்தில் மேலிருந்து மட்டும், அறையில் சன்னல் பக்கத்திலிருந்து மட்டும் ஒளி வரும். இந்த வீட்டில், இந்த நேரத்தில் ஒளி எங்கிருந்து வரும் என்ற கேள்விக்கு விடை கண்ட பிறகே அவர் விளக்கைப் போட்டார். இந்தக் கேள்வியே அவருடைய உண்மையான கண்டுபிடிப்பு. துணி அதற்கு வாய்த்த கருவி.

காசியின் படித்துறைகளில் நிஜ வெயிலில் எடுத்த காட்சிகளோடு கல்கத்தாவில் எடுத்த முற்றக் காட்சிகள் தையல் தெரியாமல் இணைந்தன. 1957இல் வெனிஸ் விழாவில் ‘அபராஜிதோ’ தங்கச் சிங்கம் விருதைப் பெற்றது.

முன்னுரிமை பற்றிய கேள்வி

பவுன்ஸ் லைட்டிங்கை உலகில் முதலில் செய்தவர் மித்ராதானா? 1961இல் வெளியான ஸ்வீடிஷ் இயக்குநர் பெர்க்மனின் ‘த்ரூ எ கிளாஸ் டார்க்லி’ படத்தை ஒட்டி, அதன் ஒளிப்பதிவாளர் ஸ்வென் நிக்விஸ்ட் இம்முறையைப் பற்றி அமெரிக்க ஒளிப்பதிவு இதழில் எழுதியதைப் படித்ததாகவும், தாங்கள் அதற்குப் பல ஆண்டுகள் முன்பே அதைப் பயன்படுத்திவந்ததாகவும் ரே ஒரு நேர்காணலில் குறிப்பிட்டார். பிரான்ஸில் ஒளிப்பதிவாளர் ரவுல் கூதார், இயக்குநர் கோதாரின் படங்களுக்காக விளக்குகளைக் கூரையை நோக்கித் திருப்பியதும் 1960ஐ ஒட்டிய காலத்தில்தான்.

முதலிடப் போட்டியாக இதைப் பார்ப்பதைவிட, ஒரே தேவை வெவ்வேறு நாடுகளில் ஒரே தீர்வைப் பிறப்பித்தது என்று கொள்வதே வரலாற்றுக்குப் பொருந்தும். இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய சினிமா சாதாரண மனிதர்களின் வீட்டுக்குள் நுழைந்தது. அந்த வீட்டின் ஒளி அதற்குத் தேவைப்பட்டது. ஆனால் கால வரிசையில் கல்கத்தா முந்தியிருக்கிறது என்பதை உலக ஒளிப்பதிவு வரலாறுகள் போதிய அழுத்தத்துடன் பதிவு செய்யவில்லை. அந்தக் குறை திருத்தப்பட வேண்டும்.

நாட்டுக்குள்ளேயும் ஓர் ஒப்பீடு தெளிவு தரும். 1959இல் குரு தத்தின் ‘காகஸ் கே ஃபூல்’ படத்துக்காக வி.கே. மூர்த்தி, ஸ்டூடியோவுக்கு வெளியே இருந்த வெயிலைப் பெரிய கண்ணாடிகளால் உள்ளே திருப்பி, இருளைக் கிழிக்கும் ஓர் ஒளிக்கற்றையை உண்டாக்கினார். இருவரும் ஒளியைத் திருப்பித்தான் பயன்படுத்தினார்கள். கண்ணாடி ஒளியைச் சிதறாமல் குவித்துத் தருகிறது. துணி சிதறடித்துப் பரப்புகிறது. மூர்த்தியின் ஒளி கதாபாத்திரத்தின் மனத்தைப் புறத்தே நாடகமாக்குகிறது. மித்ராவின் ஒளி கதாபாத்திரம் வாழும் இடத்தை நம்ப வைக்கிறது. மூன்றே ஆண்டு இடைவெளியில் இந்திய ஒளிப்பதிவு இரண்டு திசைகளிலும் உச்சம் தொட்டது.

‘ஜல்சாகர்’ முதல் ‘நாயக்’ வரை

பின்வந்த பத்தாண்டில் மித்ரா இந்த அடிப்படையை ஒவ்வொரு கதைக்கும் ஏற்ப மாற்றினார். ‘ஜல்சாகர்’ (1958) வெளிப்புறக் காட்சிகள் முர்ஷிதாபாத் மாவட்டத்து நிம்திதா அரண்மனையில் எடுக்கப்பட்டன. இசைக்கூடம் மட்டும் ஸ்டூடியோ செட். அங்கே சரவிளக்குதான் கதையின் மையம். ஜமீன்தாரின் செல்வமும் அதன் அழிவும் அந்தச் சுடர்களோடு பிணைந்தவை. ஆகவே ஒளி சுடர்களிலிருந்தே வருவதாகத் தோன்ற வேண்டியிருந்தது.

‘கஞ்சன்ஜங்கா’ (1962) ரேயின் முதல் வண்ணப் படம். டார்ஜீலிங்கின் ஒரு மாலைப் பொழுதில், ஏறக்குறைய படம் ஓடும் நேரத்துக்குள்ளேயே கதை நடந்து முடிகிறது. வெயிலும் மூடுபனியும் மாறி மாறி வரும் மலையில், எந்தக் காட்சிக்கு எந்த வானிலை என்று முன்பே வகுத்துக்கொண்டு, வெயில் வந்தால் ஒரு காட்சி, பனி இறங்கினால் இன்னொன்று என்று குழு ஓடி ஓடிப் படமாக்கியது. மலைமேல் மாறும் ஒளியே இங்கே கதையின் போக்கைக் காட்டுகிறது.

‘மகாநகர்’ (1963), ‘சாருலதா’ (1964) இரண்டும் பெரும்பாலும் வீட்டுக்குள் நடப்பவை. முன்னது சமகாலக் கீழ்நடுத்தரக் குடும்பத்தின் ஒண்டுக் குடித்தனம். பின்னது பத்தொன்பதாம் நூற்றாண்டு மாளிகை. ‘சாருலதா’வின் தொடக்கத்தில் நாயகி சன்னல் சன்னலாகச் சென்று மரச்சட்டங்களை விலக்கித் தெருவைப் பார்க்கிறாள். வெளியே வெயில், உள்ளே தனிமை என்ற அந்த வேறுபாட்டை வசனமின்றி ஒளியே சொல்லிவிடுகிறது.

‘நாயக்’ படத்தில் ரயில் பெட்டியை பன்சி சந்திரகுப்தா ஸ்டூடியோவில் கட்டினார். சன்னலுக்கு வெளியே ஓடும் நிலக்காட்சி, பின்திரையில் பாய்ச்சப்பட்ட படம். பரவும் ஒளி சிறிது சிதறினாலும் பின்திரைப் படம் வெளுத்துவிடும். நேரடி விளக்குப் போட்டால் பெட்டி செட் என்று தெரிந்துவிடும். இந்த இரு கட்டாயங்களுக்கும் நடுவே அவர் சாதித்ததை, தொழில்நுட்ப அளவில் அவருடைய மிகக் கடினமான பணிகளுள் ஒன்றாகக் கருதலாம்.

பிரிவும் பிற களங்களும்

‘நாயக்’கோடு ரே–மித்ரா கூட்டு முடிந்தது. இடையிலேயே, மித்ராவுக்குக் கண் பாதிப்பு நேர்ந்தபோது ‘தீன் கன்யா’வை (1961) அவருடைய உதவியாளர் சௌமேந்து ராய் ஒளிப்பதிவு செய்திருந்தார், பிற்காலத்தில் ரேயின் நிலையான ஒளிப்பதிவாளராக ஆனவரும் அவரே. ‘சாருலதா’ காலத்திலிருந்து ரே கேமராவைத் தாமே இயக்கத் தொடங்கினார். ஃபிரேமைக் கண்வழியே உணர்ந்து ஒளியமைத்துப் பழகிய ஒருவருக்கு அந்த மாற்றம் எவ்வளவு கனமானது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இஸ்மாயில் மெர்ச்சண்ட்–ஜேம்ஸ் ஐவரி குழுவின் ஆரம்பப் படங்களுக்கு அடித்தளமிட்டவரும் மித்ராதான். ‘தி ஹவுஸ்ஹோல்டர்’ (1963), ‘ஷேக்ஸ்பியர் வாலா’ (1965), ‘தி குரு’ (1969), ‘பாம்பே டாக்கி’ (1970) ஆகிய நான்கும் அவர் ஒளிப்பதிவே. இந்தியில் பாசு பட்டாச்சார்யாவின் ‘தீஸ்ரீ கசம்’ (1966), ராஜ் கபூர், வஹீதா ரஹ்மான் போன்ற பெரும் நட்சத்திரங்களையும் மாட்டுவண்டிப் பாதையின் மண்ணோடு ஒன்றவைத்தது. அவ்வாண்டின் சிறந்த படத்துக்கான தேசிய விருதும் அதற்குக் கிடைத்தது. அதன்பின் அவர் பணியாற்றிய படங்கள் மிகக் குறைவு. தரத்தில் சமரசம் செய்யாதவர், வேலையில் நேரமெடுப்பவர் என்ற பெயர் வணிக சினிமாவில் வாய்ப்பைத் தேடித் தராது.

விருதுகளின் காலக்கணக்கு

மித்ராவுக்கு ஒளிப்பதிவுக்கான தேசிய விருது கிடைத்தது ரேயின் எந்தப் படத்துக்காகவும் அன்று. ரமேஷ் சர்மா இயக்கிய ‘நியூ டெல்லி டைம்ஸ்’ படத்துக்காக, 1985ஆம் ஆண்டுக்கான விருதுகளில் அதைப் பெற்றார். இது நடுவர்களின் புறக்கணிப்பு அன்று. ஒளிப்பதிவுக்கென்று தனி தேசிய விருது வழங்கும் வழக்கமே 1967ஆம் ஆண்டுப் படங்களிலிருந்துதான் தொடங்கியது. ரேயுடனான பத்துப் படங்களும் அதற்கு முன்பே வந்துவிட்டன. விருதுப் பட்டியலை மட்டும் வைத்து ஒளிப்பதிவு வரலாற்றை எழுதினால் அதன் திருப்புமுனையே விடுபட்டுப்போகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

1986இல் பத்மஸ்ரீயும், 1992இல் ஈஸ்ட்மன் கோடக் நிறுவனத்தின் வாழ்நாள் சாதனை விருதும் வந்தன. 1997 முதல் கல்கத்தாவின் சத்யஜித் ரே திரைப்பட, தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனத்தில் ஒளிப்பதிவுப் பேராசிரியராக இருந்தார். 2001 டிசம்பர் 7 அன்று மறைந்தார்.

தொடர்ச்சி

1960களின் பிற்பகுதியில் புனே திரைப்படக் கல்லூரியிலிருந்து வெளிவந்த தலைமுறை, பரவிய ஒளியை விதிவிலக்காகக் கருதவில்லை. தொடக்கப் புள்ளியாகவே எடுத்துக்கொண்டது. ‘புவன் ஷோம்’ (1969) ஒளிப்பதிவு செய்த கே.கே. மகாஜன் அவர்களுள் ஒருவர். அதே கல்லூரியில் பயின்ற பாலு மகேந்திரா தமிழில் ‘அழியாத கோலங்கள்’ (1979), ‘வீடு’ (1988) ஆகிய படங்களில் சன்னல் வழி வரும் ஒளியைக் கதையின் பகுதியாக்கினார். இவர்கள் ஒவ்வொருவருக்கும் தனி வழி உண்டு. எல்லோரையும் மித்ராவின் நேர் வாரிசுகள் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் அவர்கள் வந்து சேர்ந்தபோது, அன்றாட வீட்டின் ஒளியைத் திரைக்குக் கொண்டுவர முடியும் என்பது ஏற்கெனவே நிரூபிக்கப்பட்டிருந்தது. இன்று சிறிய படப்பிடிப்பிலும் வெள்ளைத் தெர்மோகோல் பலகையைத் தூக்கிப் பிடிக்கும் லைட்மேன், அந்த நிரூபணத்தின் மீதுதான் நிற்கிறார்.

முடிவுரை

மூன்று முடிவுகளை இந்த ஆய்வு முன்வைக்கிறது. முதலாவது, ரேயின் யதார்த்தம் இடத்தால் மட்டும் அமைந்ததன்று. நிஜ இடத்தையும் செட்டையும் ஒரே உலகமாக்கிய ஒளியால் அமைந்தது. இரண்டாவது, அந்த ஒளி பிறந்தது வசதியிலிருந்தன்று. மழை அச்சம், பணமின்மை போன்ற நெருக்கடிகளில், ஒரு கலைஞர் தன் கேள்வியை விட்டுக்கொடுக்காததால் பிறந்தது. மூன்றாவது, இத்தகைய பணியை விருதுகளாலோ இயக்குநரின் பெயராலோ மட்டும் அளக்க இயலாது.

1993இல் லண்டன் ஆய்வகம் ஒன்றில் நேர்ந்த தீயில் ‘பதேர் பாஞ்சாலி’, ‘அபராஜிதோ’ உள்ளிட்ட அபு வரிசையின் மூன்று படங்களின் மூல நெகட்டிவ்கள் கருகின. சேதமடைந்த சுருள்களிலிருந்தும் பிற பிரதிகளிலிருந்தும் படங்கள் மீட்டெடுக்கப்பட்டு, 2015இல் புதுப்பொலிவுடன் திரைக்கு வந்தன. படங்களை மீட்க உலகம் முயன்றது, முயன்றதால் முடிந்தது. ஆனால் ஒளியை எப்படி அமைத்தார்கள் என்ற அறிவைப் பிலிமிலிருந்து மட்டும் முழுதாக மீட்க முடியாது. விளக்கு எங்கே நின்றது, துணி எவ்வளவு உயரத்தில் இருந்தது என்பவை வரைபடங்களிலும் பணியாற்றியவர்களின் நினைவிலும்தான் வாழ்கின்றன. தமிழ் உட்பட ஒவ்வொரு இந்திய மொழி சினிமாவிலும் மூத்த ஒளிப்பதிவாளர்களும் அவர்களுடைய உதவியாளர்களும் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களுடைய ஒளிக்குறிப்புகளைத் திரட்டி ஆவணப்படுத்துவது திரைப்படக் கல்லூரிகளும் ஆய்வாளர்களும் உடனே தொடங்க வேண்டிய பணி. இயக்குநர்களின் வரலாறு ஓரளவு எழுதப்பட்டுவிட்டது. ஒளியின் வரலாறு இனிமேல்தான் எழுதப்பட வேண்டும்.